கோடே இல்லாத பேட்டர்ன்

பழைய தையல் பேட்டர்ன், அதாவது துணியை வெட்ட வைத்துக்கொள்ளும் காகித அச்சு. அதன் உறையைப் பிரித்தால் வெறும் மெல்லிசுக் காகிதம். ஒரு கோடு இல்லை, எழுத்து இல்லை. துளைகள் மட்டும்.

1940களில் அமெரிக்கச் செய்தித்தாள் விளம்பரம் பார்த்துத் தபாலில் வரவழைத்த ஆன் ஆடம்ஸ், மரியன் மார்ட்டின் என்ற பிராண்டுகளின் கவுன் பேட்டர்ன்கள் பலவும் இப்படித்தான். டார்ட் (உடல் வளைவுக்காகத் துணியைக் கூராக மடித்துத் தைக்கும் இடம்) எங்கே, துணியின் மடிப்பில் வைக்கவேண்டிய ஓரம் எது, எல்லாம் துளைதான் சொல்லும். குறிப்புத்தாளைத் தொலைக்காதீர்கள்.

முதலில் சூடு குறைந்த இஸ்திரி, ஆவி கூடவே கூடாது. பிறகு வேறு தாளில் நகல். அசலில் கத்தரி படக்கூடாது, பாவம், அவ்வளவு பழைய காகிதம்.

சைஸ் எண்ணை நம்பாதீர்கள். அன்றைய 16க்கு மார்புச் சுற்று 34 அங்குலம். இன்றைய அமெரிக்கப் பேட்டர்னில் அதே 34க்கு எண் 12.

தையலுக்கு அரை அங்குலம் விட்ட பேட்டர்னில் இன்றைய பழக்கத்தில் 5/8 அங்குலம் பிடித்தால், நாலு தையலில் சுற்றளவு ஒரு அங்குலம் குறைந்துவிடும். இடுப்புதான் முதலில் பிடிக்கும். அதனால் காடாத்துணியில் ஒன்று தைத்துப் போட்டுப் பார்த்துவிட்டே நல்ல துணியை வெட்டுங்கள்.

ஜிப் பெரும்பாலும் முதுகில் இருக்காது. இடது அக்குளுக்குக் கீழே, பக்கத் தையலில். அதை மறந்து மூடித் தைத்தால் கவுன் தோளைத் தாண்டி இறங்காது.