தென்மேற்குக் காற்று வரும்வரை

டிசம்பர் 21
ஏரீஸ் இன்லெட், ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலக் கடற்கரை ஊர். ஆள் ஆறு, நாய் மூன்று: லாப்ரடார் பிஸ்கட், ஆடு மேய்க்கும் இனமான கெல்பி மணி, பிரெஞ்சு புல்டாக் டோஃபு. பெட்டி இறக்குமுன் வேலியைச் சுற்றி வந்தாயிற்று. லாப்ரடார் தலை நுழையும் சந்து இரண்டு. செங்கல் வைத்து அடைத்தோம். பின்பக்கம் குவித்திருந்த விறகை வீட்டிலிருந்து தள்ளி அடுக்கினோம். எலி வரும் இடத்துக்கு விஷமுள்ள டைகர் பாம்பும் வரும்.

டோஃபு தூங்கும்போது மூச்சு, நிமிடத்துக்கு 24.

டிசம்பர் 22
பார்லிப்புல் விதை. இந்த ஊர்க் கோடையில் பாம்பை விட இதற்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும், யாரும் பயப்படுவதில்லை. விதையின் முனை ஊசி, உடம்பெல்லாம் பின்னோக்கிய முள். தோலுக்குள் போனால் முன்னால்தான் நகரும், திரும்பி வராது. விரலிடுக்கு, காது, அக்குள், கண்ணிமைக்கு அடி. நடந்து வந்ததும் அந்த வரிசையில் தடவிப் பார்க்க வேண்டும். தலையைச் சாய்த்து உதறினால் காது. ஒரே பாதத்தை விடாமல் நக்கினால் விரலிடுக்கு. அங்கே சின்னக் கொப்புளம் தெரிந்தால் விதை ஏற்கெனவே உள்ளே. காதுக்குள் நாமே இடுக்கி விடக்கூடாது, செவிப்பறை கிழியும். பிஸ்கட்டின் பாதமயிரை விரலிடுக்கு வரை கத்தரித்தோம். மணிக்கு அது பிடிக்கவில்லை, கெல்பி அல்லவா, பாதி முடிந்ததும் ஓட்டம்.

டோஃபுவின் மூச்சு 23.

டிசம்பர் 23
சாப்பாட்டுப் பட்டியல் போட்டதும் விஷப்பட்டியலும் போட வேண்டியதாயிற்று. கிறிஸ்துமஸ் புட்டிங் முழுக்க உலர்திராட்சை. இவ்வளவு வரை பரவாயில்லை என்ற அளவே நாய்க்குக் கிடையாது. தின்றது தெரிந்தால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவருக்குப் போன் செய்ய வேண்டும். வயிற்றிலிருந்து வெளியேற்றச் சில மணி நேரம்தான் அவகாசம். சிறுநீரகம் கெடுவது தெரிய ஓரிரு நாள் ஆகும், அதற்குள் நாய் நன்றாகத்தான் விளையாடிக்கொண்டிருக்கும். உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கலாம் என்று ஒருவர் ஆரம்பித்தார். கூடாது, உப்பே விஷமாகும்.

காரணம் டார்டாரிக் அமிலம் என்ற கருத்து வந்ததே 2021இல்தான். பேக்கிங்கில் சேர்க்கும் கிரீம் ஆஃப் டார்டார் பொடி தின்ற நாய்க்கும், புளி தின்ற நாய்க்கும் அதே சிறுநீரகக் கோளாறு. புளி! ஐஸ் பெட்டியில் இரண்டு டப்பா புளியோதரை இருக்கிறது. இத்தனை வருடம் "சாதம்தானே, ஒரு வாய் போடுங்க" என்று போட்ட கைகள் எத்தனையோ. இனி டப்பா மேல்தட்டில். பாவ்லோவா கேக்கின் வெள்ளைக்கரு நிற்கச் சிலர் கிரீம் ஆஃப் டார்டார் சேர்ப்பார்கள், அதுவும் மேல்தட்டில்.

மக்கடேமியா கொட்டை தின்றால் பின்னங்கால் துவளும், பெரும்பாலும் இரண்டு நாளில் சரியாகும். ஹாமின் (பன்றித்தொடை) கொழுப்பு கணையத்தைக் கெடுக்கும். வெந்த எலும்பு ஈட்டியாகப் பிளக்கும். மக்காச்சோளத் தண்டு குடலில் நிற்கும். ஹாமை வினிகர் கலந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பருத்திப் பையில் போட்டாயிற்று. பை காய்ந்தால் மறுபடி நனைக்க வேண்டும்.

டிசம்பர் 24
நாளை 41 டிகிரி. முழுத் தீத்தடை அறிவித்துவிட்டார்கள்.

கரி அடுப்பு கிடையாது. கேஸ் பார்பிக்யூ உண்டு: சுற்றிலும் 3 மீட்டருக்கு எரியக்கூடியது எதுவும் இருக்கக்கூடாது, குழாய் இணைத்த ஹோஸ் அல்லது குறைந்தது 10 லிட்டர் தண்ணீர் பக்கத்தில், பெரியவர் ஒருவர் நகராமல் கூடவே.

நாய்ப்பெட்டி: கழுத்துப்பட்டை, கயிறு, தடுப்பூசிச் சீட்டு, கிண்ணம், தண்ணீர், கம்பளிப் போர்வை. சிந்தெடிக் வேண்டாம், உருகும். மைக்ரோசிப் பதிவேட்டில் இருந்தது பிஸ்கட் வீட்டாரின் பழைய போன் எண், இன்றுதான் மாற்றினார்கள். கார்கள் முகம் சாலையைப் பார்த்து, டாங்க் நிரம்ப.

1983 பிப்ரவரி 16ஐ இந்த ஊரில் இருந்துகொண்டு நினைக்காமல் இருக்க முடியவில்லை. டீன்ஸ் மார்ஷில் பிடித்த தீ வடக்குக் காற்றில் லோர்ன் பக்கம் கடலுக்கு இறங்கியது. பிறகு தென்மேற்குக் காற்று திரும்பியது. நீண்டு கிடந்த தீயின் பக்கவாட்டு முழுவதும் முகப்பாகி, கரையோரமாக இங்கே வந்தது. எல்லோரும் "மாற்றம் எப்போது வரும்" என்று ஏங்குகிற அதே குளிர்காற்று. லோர்னைத் தாண்டி வை ரிவரில் 2015 கிறிஸ்துமஸ் அன்றே, பக்கத்து செபரேஷன் கிரீக்கையும் சேர்த்து, 116 வீடுகள். அந்தத் தீ ஆறு நாள் முன் விழுந்த மின்னலில் பிடித்தது. ஆறு நாள் காட்டுக்குள் கிடந்திருக்கிறது.

டோஃபுவின் மூச்சு 27. அறை சூடுதான் காரணம்.

டிசம்பர் 25
காலை 5.30க்கு நடை முடிந்தது. 10 மணிக்குத் தார்ச்சாலையில் புறங்கையை ஏழு நொடி வைக்க முடியவில்லை, அதோடு வெளியே போவது நின்றது.

பிளாஸ்டிக் குளத்தை நிழலில் வைத்து ஒரு சாண் தண்ணீர். வெயிலில் கிடந்த ஹோஸின் முதல் தண்ணீர் கொதிக்கும், அதை மண்ணில் விட்டுவிட்டுத்தான் குளத்துக்குத் திருப்ப வேண்டும். கோழி வேகவைத்த தண்ணீரை ஐஸ்கிரீம் டப்பாவில் உறையவைத்திருந்தோம், வெங்காயம், உப்பு எதுவுமில்லாமல். கடையில் வாங்கும் கோழிச்சாற்றில் இரண்டும் இருக்கும்.

பிற்பகல் 2.10. டோஃபுவின் மூச்சில் கரகரப்பு, நாக்கு அகலமாகத் தொங்கியது, எச்சில் கயிறுபோல. பிரெஞ்சு புல்டாகின் மூக்குத் துளை ஒரு கீறல். நாய் மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும், இவனுக்கு அந்த வழியே அடைப்பு. முதலில் குளிர்விக்க வேண்டும், பிறகுதான் கார். குழாய்த் தண்ணீரை வயிறு, தொடை, கழுத்து என்று விடாமல் ஊற்றி, எதிரே மின்விசிறி. ஈரத்துண்டைப் போர்த்திவிட்டால் அதுவே சூட்டை அடைத்து வைக்கும். தெர்மாமீட்டர் 40.1. சாதாரணமாக 38.3 முதல் 39.2. கால் மணியில் 39.4, ஊற்றுவதை நிறுத்தினோம். அதற்கு மேல் போனால் உடம்பு தேவைக்கு அதிகமாகக் குளிர்ந்துவிடும். மருத்துவரிடம் போனில் கேட்டு, ஜீலாங் போய்க் காட்டிவிட்டு வந்தோம். இறங்கிய பிறகும் உள்ளுறுப்பு கெட்டிருக்கலாம் என்பதால் பார்த்தே ஆக வேண்டும்.

6.40க்குக் காற்று திரும்பியது. கதவுகள் எல்லாம் ஒரே நேரத்தில் அறைந்தன. யாரும் சந்தோஷப்படவில்லை, புகைவாசம் வருகிறதா என்று மூக்கை நீட்டிக்கொண்டு நின்றோம். இல்லை. 19 டிகிரி. புட்டிங்கை ஒருவரும் தொடவில்லை.

டிசம்பர் 26
மெல்பர்ன் டெஸ்ட் தொலைக்காட்சியில். இறால் ஓடு, தலை எல்லாம் பையில் கட்டி ஃப்ரீசரில். குப்பை வண்டி வரும் நாளில்தான் வெளியே.

29.

டிசம்பர் 27
கடற்கரைப் பலகையைப் படித்துவிட்டுத்தான் கயிற்றை அவிழ்க்க வேண்டும், கோடையில் நேரம் மாறும். தேசியப் பூங்காவுக்குள் நாய் கூடாது. பந்து பொறுக்கும் நாய் ஒவ்வொரு முறையும் கடல்நீர் விழுங்கும். பிஸ்கட்டுக்கு மாலை வயிற்றோட்டம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நல்ல தண்ணீர் காட்டியிருக்க வேண்டும். கரையொதுங்கிய, விஷமுள்ள உப்பல் மீனை மணி முகர்ந்தது, வாயில் எடுக்குமுன் பிடித்தோம்.

டிசம்பர் 28
புளியோதரை தீர்ந்தது. நிம்மதி.

டிசம்பர் 29
பாம்பு. வேலிக்கு அப்பால், போய்விட்டது. பாம்பிடம் கடிபட்ட நாய் சுருண்டு விழுந்து, உடனே எழுந்து சாதாரணமாக நடக்கும். அதை நம்பிவிடக்கூடாது. நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். மூன்று நாயின் கண்மணியும் டார்ச் அடித்துப் பார்த்தோம். சுருங்குகிறது, விஷம் ஏறவில்லை.

டிசம்பர் 30
அறை 20 டிகிரி. காற்று இல்லை. டோஃபு நன்றாகத் தூங்குகிறான்.

இரவு 11.40: 34.
11.55: 36.