முதலில் அண்ணன் ரத்தம்தான் போயிருக்க வேண்டும்

"முதுகக் கிழிக்குதுடி." அப்பா கடைசியாகச் சொன்னது இதுதான் என்று அம்மா எங்களிடம் சொன்னது, அவர் இறந்து 19 வருஷம் கழித்து, ஒரு மரபணு ஆலோசகரின் அறையில். அதுவரை எங்களுக்கு அது ஹார்ட் அட்டாக். மேலூரில் யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்லி வந்தோம். அவருக்கு அப்போது 47 வயது.

போன வருஷம் மதுரையில் அண்ணனுக்கு எக்கோ, அதாவது இதய ஸ்கேன், எடுத்தபோது, இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி 5.6 சென்டிமீட்டருக்கு வீங்கியிருந்தது. கிழிவதற்கு முன்பே ஆபரேஷன் செய்து செயற்கைக் குழாய் வைத்துவிட்டார்கள். கூடப் பிறந்தவர்களும் எக்கோ பாருங்கள் என்றார் டாக்டர். அக்காவுக்கு நார்மல். எனக்கு 4.2.

பதறிப்போய் நானே ஒரு லேபில் ரத்தம் கொடுத்தேன். வீட்டில் வேறு யாருக்கு இருக்கிறது என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. இப்படித் தமனியை வீங்கவைக்கும் பரம்பரை நோய்களில் ஒன்றான மார்ஃபானுக்குரிய ஒரு ஜீனை மட்டும் பார்த்து, மாற்றம் இல்லை என்று கொடுத்தார்கள். அந்தத் தாளை நம்பி நான்கு மாதம் நிம்மதியாக இருந்தேன். இதைப் படிக்கிறவர்கள் தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். நோய் உறுதியானவரின் ரத்தத்தில்தான் தொடங்க வேண்டும், அதுவும் பல ஜீன்களைச் சேர்த்துப் பார்க்கும் டெஸ்டாக. அவரிடம் மாற்றம் கிடைத்தால், மற்றவர்களுக்கு அந்த ஒரு இடத்தைப் பார்த்தாலே போதும்.

ஆலோசகர் எங்கள் குடும்பத்தைத் தாளில் வரைந்தார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவர் மேல் குறுக்குக்கோடு. அண்ணனின் சதுரத்தைக் கறுப்பாக்கினார். அம்மா அந்த வார்த்தையைச் சொன்னதும் பேனா நின்றது. தமனிச் சுவர் கிழியும்போது வலி அப்படித்தான் முதுகுக்குப் பாயும் என்று சொல்லி, அப்பாவின் சதுரத்துக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டார்.

அண்ணனுக்கு ஆக்டா 2 ஜீனில் ஓர் எழுத்து மாறியிருந்தது. ரத்தக்குழாய்ச் சுவரில் உள்ள தசை சுருங்குவதற்கான புரதத்தைத் தரும் ஜீன் அது. மார்ஃபான்காரர்களைப் போல உயரமோ நீள விரலோ இதில் இருக்காது; வெளியே பார்த்தால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. பிள்ளைக்குப் போக 50 சதவீத வாய்ப்பு.

அக்கா ரத்தம் கொடுக்க மாட்டேன் என்றாள். மகளுக்கு வரன் பார்க்கிற நேரம். "இப்பப் போயி எதையாவது எழுதிட்டாங்கன்னா என்ன செய்ய?" எக்கோ நார்மல்தானே என்றும் சொன்னாள். இந்த ஜீன் இருந்தால் வீக்கம் பிறகும் வரலாம் என்று நான் விளக்கியது எடுபடவில்லை. அம்மாதான் சொன்னார்: "அன்னைக்கே தெரிஞ்சிருந்தா உங்கப்பாவக் காப்பாத்திருக்கலாம்ல. கையக் குடு."

அக்காவுக்கு இல்லை. அதனால் அவள் பிள்ளைகளுக்கும் டெஸ்ட் வேண்டாம். எனக்கு இருக்கிறது. பிரஷர் மாத்திரை போடுகிறேன், வருஷா வருஷம் ஸ்கேன், மூட்டை தூக்கக்கூடாது. வயிற்றுப்போக்கு என்றதும் மெடிக்கலில் எடுத்துத் தருகிறார்களே, சிப்ரோஃப்ளாக்சசின், அந்த வகை மாத்திரையையும் தவிர்க்கச் சொன்னார்கள். இப்படிப்பட்டவர்களுக்குத் தமனி கிழியும் ஆபத்து கூடலாம் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2018 டிசம்பரிலேயே எச்சரித்திருக்கிறது.

என் மகனுக்கு 13 வயது. ஊதா மூடி போட்ட குழாயில் போன வாரம் அவன் ரத்தம் போயிருக்கிறது. ரிசல்ட் வந்திருச்சா என்று அம்மா தினமும் போன் செய்கிறார்.