பிறந்த ஆண்டு

மார்ச் 3

பாட்டு வெளியிடும் லேபிள் ஒன்றுக்கு என் பாட்டை அனுப்பும் படிவத்தில் பெயருக்கு அடுத்த கட்டமே பிறந்த ஆண்டுதான். ஒளிக்காமல் நிரப்பினேன். மறுநாளே பதில்: "குரல் அருமை. ஆனால் எங்கள் ரசிகர்கள் இளைஞர்கள்." அனுப்பிய இணைப்பை எத்தனை பேர் திறந்தார்கள் என்று பார்த்தேன். பூஜ்யம். கேட்காத குரல் எப்படி அருமையாக இருக்கும்?

மார்ச் 5

1998இல் பிரிட்டிஷ் பாப் பாடகர் கிளிஃப் ரிச்சர்ட் செய்த குறும்பு ஞாபகம் வந்தது. அறுபதை நெருங்கிய தன்னை வானொலிகள் ஒதுக்குகின்றன என்று நினைத்தவர், புதுப் பாட்டை 'பிளாக்நைட்' என்ற பெயரில் அனுப்பி வைத்தார். போட்டார்கள்! சரி, நானும் ஒரு பெயர் வைத்துக்கொள்கிறேன்.

மார்ச் 6

அரைக் கட்டை இறக்கித்தான் பாடினேன். 54 வயதில் மேல் ஸ்தாயியில் பழைய வீச்சு இல்லை, அதை மறுக்கவில்லை. ஆனால் கீழே ஒரு கனம் வந்திருக்கிறது. முப்பதில் அது என்னிடம் கிடையாது. கருத்த முடியை நரைக்க வைக்கும் காலம் குரலுக்கும் ஏதோ செய்கிறது, எல்லாமே கெடுதல் இல்லை. புதுப் பெயரில், படம் இல்லாமல், வேறொரு லேபிளுக்கு அனுப்பினேன்.

மார்ச் 9

2015இல் அமெரிக்கப் பாப் பாடகி மடோனாவின் புதுப் பாட்டை பிரிட்டிஷ் வானொலியான பிபிசி ரேடியோ 1 தன் பிளேலிஸ்டில், அதாவது அடிக்கடி ஒலிபரப்பும் பாட்டுகளின் பட்டியலில், சேர்க்கவில்லை. வயதுதான் காரணம் என்றார் அவர். வயதைப் பார்ப்பதில்லை என்றது நிலையம். அதன் இலக்கு 15 முதல் 29 வயது நேயர்கள். 2023இல் ஆஸ்திரேலியப் பாடகி கைலி மினோகின் பாட்டு இணையத்தில் பற்றிக்கொண்டபின் அதே நிலையம் சேர்த்துக்கொண்டது. அவருக்கும் ஐம்பது தாண்டியிருந்தது. கேட்கிற பிள்ளைகளுக்கு வயது தடையில்லை, நடுவில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான்.

மார்ச் 13

பதில் வந்துவிட்டது! "யார் இந்தக் குரல்? உடனே பேசணும்." வீடியோவில் வரச் சொன்னார்கள். போனேன். முகத்தைப் பார்த்ததும் அந்தப் பையன் ஒரு நொடி திகைத்து, "நீங்க... மேனேஜரா மேடம்?" என்றான். சிரித்துவிட்டேன். அப்புறம் விஷயத்துக்கு வந்தான்: நான் பாட வேண்டும், வீடியோவில் இருபது வயதுப் பெண் வாயசைப்பாள். பெயரும் அவளுடையதே. பணம் நன்றாகவே சொன்னான், அதுதான் தொந்தரவு.

மார்ச் 14

1990 வாக்கில் அமெரிக்கப் பாடகி மார்த்தா வாஷுக்கு நடந்ததும் இதுதான். பாடியது அவர், வீடியோவில் வாயசைத்தது வேறொரு பெண். அங்கே உடல் பருமன் காரணம், இங்கே வயது. வழக்குப் போட்டுத்தான் அவர் தன் பெயரை வாங்கினார். இன்னொரு அமெரிக்கப் பாடகி ஷரோன் ஜோன்ஸோ வயதாகிவிட்டது என்றெல்லாம் ஒதுக்கப்பட்டு, சிறைக் காவலராகக்கூட வேலை பார்த்தவர். முதல் ஆல்பம் வந்தபோது நாற்பதைத் தாண்டியிருந்தார்.

மார்ச் 16

எழுதிவிட்டேன்: பாடுகிறேன், பெயர் என்னுடையதாக இருந்தால். வாயசைக்கும் பெண் தாராளமாக ஆடட்டும்.

மார்ச் 19

"டீமிடம் பேசிட்டுச் சொல்றேன் மேடம்." அவ்வளவுதான். பழைய படிவத்தைத் திறந்து வேறொரு இடத்துக்கு நிரப்பினேன். ஆண்டு: 1971. இந்தத் தடவை பாட்டு முழு ஒரு கட்டை கீழே.