கருமுட்டை வெளிவரும் நாளைப் பிடிப்பது: ஸ்ட்ரிப், தெர்மாமீட்டர், ஸ்கேன் எல்லாம் எங்கே காலை வாரும்

மாதவிலக்கு தொடங்கிய நாளிலிருந்து எண்ணிப் பதினான்காம் நாளில் முட்டை வரும் என்ற கணக்கை முதலில் மறந்துவிடுங்கள். 28 நாளுக்கு ஒருமுறை தவறாமல் வருகிறவர்களுக்கே அது உத்தரவாதம் இல்லை. முட்டை வெளிவந்த பிறகு அடுத்த மாதவிலக்கு வரைக்கும் உள்ள பகுதிதான் ஓரளவு மாறாமல், பெரும்பாலும் 12 முதல் 14 நாள் வரை, இருக்கும். அதற்கு முந்திய பகுதி காய்ச்சல், தூக்கக் கேடு, எடை ஏற்ற இறக்கம், பி.சி.ஓ.எஸ். (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) என்று எதற்கு வேண்டுமானாலும் இழுத்துக்கொண்டு போகும். ஆகவே 35 நாள் சைக்கிள் (ஒரு மாதவிலக்கு தொடங்கி அடுத்தது தொடங்கும் வரை) உள்ளவருக்கு முட்டை 21ஆம் நாளை ஒட்டி வரும், 25 நாள் உள்ளவருக்கு 11ஆம் நாள் வாக்கில் வந்து போய்விடும். கருத்தரிக்கக்கூடிய நாட்கள் முழுவதும் 10 முதல் 17ஆம் நாளுக்குள் அடங்கியவர்கள் ஏறக்குறைய 30 சதவீதம் பேர்தான் என்று 2000இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இத்தனை ஆண்டு கழித்தும் அந்தப் பதினான்காம் நாளைச் சொல்லியனுப்புகிறவர்கள் குறையவில்லை.

மொபைல் ஆப் செய்வதும் இதே வேலைதான். பழைய மாதங்களின் சராசரியை எடுத்து, ஒரு தேதிக்குப் பச்சை வண்ணம் அடித்துக் காட்டுகிறது. இந்த மாதம் உங்கள் சினைப்பையில் நடப்பது அதற்குத் தெரியாது. தேதி குறித்து வைக்க ஆப் நல்லது, நாள் பார்க்க அதை நம்ப வேண்டாம்.

முட்டைக்கு ஆயுள் 12 முதல் 24 மணி நேரம். விந்தணு நல்ல சூழலில் 5 நாள் வரை உள்ளே உயிரோடு இருக்கும். எனவே முட்டை வெளிவரும் நாளும் அதற்கு முந்திய 5 நாளும்தான் கணக்கில் வருபவை, அவற்றிலும் கடைசி 2, 3 நாளுக்கு மதிப்பு அதிகம். மறுநாள் கதவு சாத்தியாயிற்று. பலரும் மாதங்களைத் தொலைப்பது இங்கேதான். வெள்ளைப்படுதலும், முட்டையை வெளிவரத் தூண்டும் எல்.ஹெச். ஹார்மோனைச் சிறுநீரில் பார்க்கும் ஸ்ட்ரிப்பும் முன்கூட்டிச் சொல்பவை. உடல் வெப்பமும், முட்டை வெளிவந்த பின் ஏறும் ஹார்மோனான புரொஜெஸ்ட்டிரோனுக்கான ரத்தப் பரிசோதனையும் எல்லாம் முடிந்த பிறகு சாட்சி சொல்பவை. வெப்பம் ஏறியதைப் பார்த்துவிட்டு உறவுக்கு நாள் குறித்தால் ஒவ்வொரு மாதமும் ஒரு நாள் பிந்தித்தான் போய் நிற்பீர்கள்.

ஸ்ட்ரிப்பில்தான் சங்கடங்கள் அதிகம். கர்ப்பப் பரிசோதனை ஸ்ட்ரிப்பில் இரண்டாவது கோடு மங்கலாகத் தெரிந்தாலே பாசிட்டிவ். எல்.ஹெச். ஸ்ட்ரிப்பில் அப்படி இல்லை. எல்.ஹெச். உடலில் எப்போதும் கொஞ்சம் இருப்பதால் மங்கல் கோடு எந்த நாளிலும் விழும். டெஸ்ட் கோடு கன்ட்ரோல் கோட்டுக்குச் சமமாகவோ அதைவிட அழுத்தமாகவோ இருந்தால் மட்டும் பாசிட்டிவ். இரண்டு வகை ஸ்ட்ரிப்பும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஒரே டப்பாவில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். கன்ட்ரோல் கோடே விழவில்லை என்றால் அந்த ஸ்ட்ரிப் செல்லாது, தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்றில் பாருங்கள்.

எந்த நாளில் தொடங்குவது? கடந்த சில மாதங்களில் மிகக் குறுகிய சைக்கிளை எடுத்து அதிலிருந்து 17ஐக் கழியுங்கள். 28 என்றால் 11ஆம் நாள், 35 என்றால் 18ஆம் நாள். சைக்கிள் தாறுமாறாக இருப்பவர்கள் இந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டால் கட்டுக் கட்டாக ஸ்ட்ரிப் செலவாகும். அவர்கள் வெள்ளைப்படுதல் ஈரமாக மாறத் தொடங்கும் நாள்வரை காத்திருந்து ஆரம்பிப்பதே சிக்கனம்.

நேரமும் முக்கியம். எல்.ஹெச். ஏற்றம் பெரும்பாலும் விடியற்காலையில் தொடங்கி, சிறுநீரில் தெரியச் சில மணி நேரம் பிடிக்கும். அதனால் சாதாரண ஸ்ட்ரிப்புக்குக் காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீர் வேண்டாம். முற்பகலுக்குப் பிறகு, தினமும் ஒரே நேரத்தில், அதற்கு முன் 2 மணி நேரமாவது நிறையத் தண்ணீர் குடிக்காமல் பாருங்கள். வெயில் நாளில் இரண்டு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டுப் பார்த்தால் உச்ச நாளில்கூட மங்கல்தான் வரும். சில டிஜிட்டல் கருவிகள் காலையின் முதல் சிறுநீரைத்தான் கேட்கும், ஆகவே பெட்டிக்குள் இருக்கும் தாளைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள்.

முக்கும்போது அம்புக்குறிக்கு மேலே நனையக் கூடாது. தாளில் சொன்ன நொடிகள் முடிந்ததும் எடுத்துப் படுக்கைவசமாக வையுங்கள். முடிவைத் தாளில் போட்டிருக்கும் நேரத்துக்குள், பெரும்பாலும் 5 முதல் 10 நிமிடத்துக்குள், பார்த்துவிட வேண்டும். காய்ந்த பிறகு கோடு அழுத்தமாகலாம், அரை மணி கழித்துக் குப்பையிலிருந்து எடுத்துப் பார்த்து மகிழ்வதில் அர்த்தமில்லை. அப்போதே ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். நேற்றைய கோட்டுக்குப் பக்கத்தில் இன்றையதை வைத்தால்தான் ஏற்றம் தெரியும். மாதத்தின் நடுவில் கம்பெனி மாற்றினால் அந்த ஒப்பீடு கெட்டுப்போகும்.

கோடு அழுத்தமாகத் தொடங்கிய நாளிலிருந்து ஒரு நாளைக்கு இரண்டு முறை பாருங்கள். சிலருக்கு அந்த ஏற்றமே ஒரு நாளுக்குள் வந்து இறங்கிவிடும். நேற்று மதியம் மங்கல், இன்று மதியமும் மங்கல், நடுவில் இரவில் உச்சம் தொட்டு இறங்கியிருக்கும். 'எனக்கு ஸ்ட்ரிப்பே பாசிட்டிவ் வராது' என்கிறவர்களில் ஒரு பகுதியினரின் கதை இதுதான். ஏற்றம் தொடங்கியபின் 24 முதல் 36 மணி நேரத்தில் முட்டை வெளிவரும். அதனால் பாசிட்டிவ் வந்த அன்றும் மறுநாளும் விடக் கூடாத நாட்கள். ஆனால் பாசிட்டிவ் வரட்டும் என்று அதுவரை கைகட்டி உட்கார்ந்திருந்தால் நல்ல நாட்களில் பாதி போயிருக்கும்.

பி.சி.ஓ.எஸ். உள்ளவர்களுக்கு ஸ்ட்ரிப் நிறையப் பொய் சொல்லும். அடிப்படை எல்.ஹெச். அளவே கூடுதலாக இருப்பதால் வாரக்கணக்கில் கோடு அழுத்தமாகவே நிற்கலாம். அல்லது உடல் முயன்று, தோற்று, மறுபடி முயலும். ஒரே சைக்கிளில் இரண்டு மூன்று ஏற்றம் வரும். ஸ்ட்ரிப் காட்டுவது ஹார்மோன் ஏறியதை மட்டும்தான், முட்டை வெளிவந்ததை அல்ல. முட்டை வளரக் கொடுக்கும் குளோமிஃபீன் மாத்திரை எடுத்தால் கடைசி மாத்திரைக்குப் பிறகு 3 நாளாவது விட்டுத்தான் ஸ்ட்ரிப் பார்க்க வேண்டும். முட்டையை வெளிவரச் செய்ய ஹெச்.சி.ஜி. (கர்ப்பகால ஹார்மோன்) ஊசி போட்டிருந்தால் ஸ்ட்ரிப் அந்த மருந்தையே காட்டும், கர்ப்பப் பரிசோதனையும் ஒன்றரை, இரண்டு வாரம் வரை பொய்யாகப் பாசிட்டிவ் காட்டலாம். ஊசி போட்டு அனுப்புகிற இடத்தில் இந்த ஒரு வரியைச் சொன்னால் எத்தனையோ பேருடைய அழுகை மிச்சம்.

வெள்ளைப்படுதலைப் பார்ப்பதற்குக் காசு செலவில்லை, அதனால்தானோ என்னவோ மதிப்பும் இல்லை. மாதவிலக்கு நின்றதும் சில நாள் வறட்சி, பிறகு பிசுபிசுப்பு, பிறகு க்ரீம் மாதிரி, கடைசியில் முட்டை வெள்ளைக்கரு போல் தெளிவாக, வழுவழுப்பாக, இரண்டு விரலுக்கு நடுவே சில சென்டிமீட்டர் அறுபடாமல் இழுபடும். இந்தக் கட்டம் தொடங்கியதுமே உறவை ஆரம்பித்துவிடுங்கள், ஸ்ட்ரிப் என்ன சொன்னாலும் சரி. வழுவழுப்பின் கடைசி நாள்தான் உச்ச நாள். மறுநாள் வறண்ட பிறகே அது தெரியவரும். முதல் நாள் உறவின் விந்து கசிவதை இதோடு குழப்பிக்கொள்வது சகஜம். அது சீக்கிரம் நீர்த்து அறுந்துவிடும். சளி, அலர்ஜி மாத்திரைகளும் குளோமிஃபீனும் இதை வறளச் செய்யலாம், எனவே தெரியவில்லை என்பதால் முட்டை வரவில்லை என்று முடிவுகட்ட வேண்டாம். அரிப்பு, நாற்றம், தயிர்த் திரி போன்ற கசிவு என்றால் அது தொற்று, டாக்டரிடம் காட்டுங்கள்.

வெப்பமானியைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் காட்டுவது வேண்டும், ஏனென்றால் ஏற்றமே 0.2 முதல் 0.5 டிகிரி செல்சியஸ்தான். நெற்றியில் காட்டும் காய்ச்சல் கருவி இதற்கு உதவாது. குறைந்தது 3 மணி நேரத் தூக்கத்துக்குப் பிறகு, எழுந்து உட்காராமல், பேசாமல், நாக்கின் அடியில், தினமும் ஒரே நேரத்தில். முந்திய 6 நாளைவிட உயர்வாக 3 நாள் தொடர்ந்து நின்றால் முட்டை வெளிவந்தாயிற்று என்று கொள்ளலாம். காய்ச்சல், இரவு விழிப்பு, மது எல்லாம் அளவைக் கெடுக்கும், அந்த நாளைக் குறித்துவிட்டு ஒதுக்குங்கள். உயர்ந்த வெப்பம் 18 நாளைத் தாண்டியும் இறங்காவிட்டால் கர்ப்பப் பரிசோதனை செய்யுங்கள். புரொஜெஸ்ட்டிரோன் மாத்திரை எடுப்பவர்களுக்கு இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. மாத்திரையே வெப்பத்தை ஏற்றும், மாதவிலக்கையும் தள்ளிப்போடும்.

இனி, எனக்கு இன்னமும் எரிச்சல் அடங்காத விஷயம்: '21ஆம் நாள்' ரத்தப் பரிசோதனை. புரொஜெஸ்ட்டிரோன் முட்டை வெளிவந்து சுமார் ஒரு வாரத்தில் உச்சத்தில் இருக்கும். 28 நாள் சைக்கிளில் அது 21ஆம் நாளாக அமைகிறது, அவ்வளவுதான். 35 நாள் சைக்கிள் உள்ளவரும் அதே சீட்டோடு 21ஆம் நாள் ரத்தம் கொடுத்தால் அளவு தரையில் கிடக்கும். 'முட்டையே வரவில்லை' என்று எழுதிவிடுவார்கள். ரிப்போர்ட்டைப் பார்ப்பவருக்கு உங்கள் சைக்கிள் எத்தனை நாள் என்று கேட்க நேரமிருக்காது. நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள். 35 நாள் என்றால் 28ஆம் நாள் வாக்கில், அல்லது ஸ்ட்ரிப் பாசிட்டிவ் வந்து 7, 8 நாள் கழித்து. ஒரு மில்லிலிட்டருக்கு 3 நானோகிராமுக்கு மேல் இருந்தால் முட்டை வெளிவந்திருக்கிறது. இந்த ஹார்மோன் மணிக்கு மணி ஏறி இறங்கும் என்பதால் ஒரே ஒரு குறைந்த அளவை வைத்து யாரும் முடிவு கட்டக் கூடாது. ரிப்போர்ட் கைக்கு வந்தபின், அடுத்த மாதவிலக்கு வந்த தேதியையும் அதன் மேலேயே எழுதிவையுங்கள்; ரத்தம் எடுத்து சுமார் ஒரு வாரத்தில் அது வந்திருக்க வேண்டும். சரியான நாளில்தான் ரத்தம் எடுத்தார்களா என்பது அப்போதுதான் நிச்சயமாகும்.

முட்டை வளரும் சிறு பையை (ஃபாலிக்கிள்) அளக்கும் ஃபாலிகுலர் ஸ்கேனுக்குப் போகுமுன் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: வயிற்று மேலேயா, பிறப்புறுப்பு வழியாகவா? முன்னதற்குச் சிறுநீர்ப்பை நிரம்பியிருக்க வேண்டும், பின்னதற்குக் காலியாக. கேட்காமல் போனால் தண்ணீர் குடித்து ஒரு மணி நேரம் காத்திருந்து, உள்ளே கூப்பிட்டதும் 'கழிப்பறை போய்விட்டு வாங்க' என்று திருப்பி அனுப்புவார்கள். முன்னணியில் உள்ள ஃபாலிக்கிள் நாளொன்றுக்கு 1.5 முதல் 2 மி.மீ. வளரும், பொதுவாக 18 முதல் 24 மி.மீ. அளவில் உடையும். கர்ப்பப்பை உட்சுவர் 7 மி.மீ. அல்லது கூடுதலாக இருந்தால் நல்லது. உடைந்ததற்கு அடையாளம், முந்திய நாள் இருந்த ஃபாலிக்கிள் மறைந்தோ சுருங்கியோ போயிருப்பதும் பக்கத்தில் கொஞ்சம் நீர் தேங்கியிருப்பதும். உடையாமல் வளர்ந்துகொண்டே போவதும் உண்டு, ஸ்ட்ரிப் பாசிட்டிவ் வந்த பிறகும்கூட.

இதில் வம்பு விடுமுறை நாட்கள்தான். சனிக்கிழமை 17 மி.மீ., ஞாயிறு பூட்டு, திங்கட்கிழமை போனால் 'உடைந்துவிட்டது'. எந்த நாளில் உடைந்தது என்று யாருக்கும் தெரியாது. ஸ்கேன் பார்க்கும் மாதத்திலும் ஸ்ட்ரிப்பை விடாதீர்கள், நடுவில் விட்ட ஓட்டையை அது அடைக்கும். ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்று மட்டும் எழுதித் தந்தால் வாங்கிக்கொண்டு வராதீர்கள். எந்தப் பக்கச் சினைப்பை, எத்தனை மி.மீ., உட்சுவர் எவ்வளவு, சைக்கிளின் எத்தனையாவது நாள்: நான்கும் எழுத்தில் வேண்டும். அடுத்த முறை வேறொருவர் அளந்தால் ஒன்றிரண்டு மி.மீ. வித்தியாசம் வரலாம், அதற்குப் பதற வேண்டாம்.

உறவைப் பொறுத்தவரை, அந்த ஆறு நாளில் தினமுமோ ஒருநாள் விட்டு ஒருநாளோ போதும். விந்தணுவைச் 'சேர்த்து வைக்கிறேன்' என்று 5 நாளுக்கு மேல் விலகியிருப்பது லாபமில்லை. எச்சிலும் சாதாரண ஜெல்லும் விந்தணுவின் ஓட்டத்தைத் தடுக்கலாம். காலைத் தூக்கிச் சுவரில் வைத்துப் படுப்பதெல்லாம் தேவையில்லை. கோடு அழுத்தமானதும் அலுவலகத்திலிருக்கும் கணவருக்கு ஸ்ட்ரிப் போட்டோ அனுப்பி 'இன்றைக்கு' என்று உத்தரவிடுவது பல வீடுகளில் அன்றைய இரவையே கெடுக்கும் வேலை. ஒருநாள் விட்டு ஒருநாள் முறைக்கு உள்ள பெரிய வசதியே, யாரும் யாருக்கும் உத்தரவு போட வேண்டியதில்லை என்பது.

மாதக்கணக்கில் மனைவியின் முட்டையைத் துரத்திவிட்டுக் கடைசியில் விந்துப் பரிசோதனைக்குப் போகிறவர்கள் ஏராளம். அதை முதலிலேயே முடித்துவிடுங்கள். 2 முதல் 7 நாள் இடைவெளி விட்டு, வீட்டில் எடுத்தால் உடல் சூட்டிலேயே வைத்து ஒரு மணி நேரத்துக்குள் லேபில் சேர்க்க வேண்டும். சாதாரண ஆணுறையில் எடுக்கக் கூடாது. கொஞ்சம் சிந்திவிட்டால், குறிப்பாக முதல் பகுதி சிந்தினால், மறைக்காமல் சொல்லிவிடுங்கள். எண்ணிக்கை குறைந்து காட்டும். விந்தணு உருவாக இரண்டரை, மூன்று மாதம் ஆவதால் இரண்டு மாதத்துக்கு முன் வந்த கடும் காய்ச்சல்கூட இன்றைய ரிப்போர்ட்டில் தெரியும். குறை வந்தால் மறுபடி ஒருமுறை பார்க்காமல் சிகிச்சைக்குத் தலையாட்ட வேண்டாம்.

ஃபோலிக் அமிலம் 400 மைக்ரோகிராம், முயற்சி தொடங்கும் முன்பே ஆரம்பித்துவிடுங்கள்.

35 வயதுக்குள் என்றால் ஓராண்டு, 35ஐத் தாண்டினால் 6 மாதம், 40 என்றால் உடனே டாக்டரைப் பாருங்கள். சைக்கிள் 21 நாளுக்குக் குறைவாகவோ 35 நாளுக்கு மேலாகவோ இருந்தாலும், எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பை உட்சுவர் போன்ற திசு வெளியே வளர்வது) அல்லது இடுப்பறைத் தொற்று இருந்திருந்தாலும் காத்திருக்கத் தேவையில்லை. முட்டை மாதாமாதம் வந்தாலும் கருக்குழாய் அடைத்திருந்தால் ஸ்ட்ரிப்புக்கு அது தெரியாது. போகும்போது ஆப்பைத் திறந்து காட்டாமல் ஒரே ஒரு தாள் எடுத்துப் போங்கள்: ஒவ்வொரு மாதமும் மாதவிலக்கு தொடங்கிய தேதி, ஸ்ட்ரிப் முதல் பாசிட்டிவ், வெப்பம் ஏறிய நாள், ஸ்கேன் எண்கள். தொடங்கிய தேதி என்பது சிவப்பாகப் போக்கு ஆரம்பித்த நாள், முந்திய நாள் பழுப்பாகத் துளி பட்டது அல்ல. அதை மாற்றி எழுதினால் தாளில் உள்ள மற்ற எல்லா நாளும் ஒன்று தள்ளிப்போகும்.