ஸ்டூடியோ விளக்குகளுக்கு மாற்று பல்பும் அடாப்டரும்: சேலத்தில் தேடியபோது தெரிந்துகொண்டவை

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் உள்ள வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளுக்கும் கடைகளுக்கும் பொருள்களைப் படம் எடுத்துத் தருவதே என் தொழிலின் பெரும்பகுதி. கொலுசு கேமராவுக்கு எளிதில் வசப்படும் பொருள் அன்று. வெள்ளி தன் நிறத்தைவிடத் தன்னைச் சுற்றியிருப்பவற்றின் நிறத்தையே அதிகமாகக் காட்டும். ஒரு பக்கத்து விளக்கு சற்று மஞ்சளாகவும் மறுபக்கத்து விளக்கு சற்று நீலமாகவும் இருந்தால், கொலுசின் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு நிறமும் ஏறிக்கொள்ளும். கணினியில் ஒன்றைச் சரிசெய்தால் மற்றொன்று கெடும். ஆகவே, பழைய விளக்குகளின் பல்புகள் ஒவ்வொன்றாகப் போகத் தொடங்கியபோது, ஹோல்டரில் பொருந்துகிற ஏதோ ஒன்றை வாங்கி மாட்டிவிட்டு வேலையைத் தொடர எனக்கு வழியில்லை.

என்னிடம் மூன்று வகை விளக்குகள் உள்ளன. சித்தப்பா திருமண வீடியோ எடுத்த காலத்தில் வாங்கிய 1000 வாட் ஹாலஜன் விளக்குகள் ஒரு ஜோடி; வேறொருவரிடமிருந்து பழையதாக வாங்கிய ஃபிளாஷ் ஹெட்டுகள் ஒரு ஜோடி; சிஎஃப்எல் பல்புகளுக்கான நான்கு ஹோல்டர் கொண்ட சாஃப்ட்பாக்ஸ் (ஒளியைத் துணி வழியே மென்மையாக்கும் பெட்டி) ஒன்று. இவற்றுக்கான பல்புகள் அரிதானதற்குக் கடைக்காரர்களைக் குறை சொல்ல முடியாது. ஐரோப்பிய ஒன்றியம் 2018 செப்டம்பரில் பெரும்பாலான வீட்டு ஹாலஜன் பல்புகளைச் சந்தையிலிருந்து விலக்கத் தொடங்கியது. இந்தியாவில் 2015-இல் எல்இடி பல்புகளை மலிவாக வழங்கும் அரசின் உஜாலா திட்டம் தொடங்கிய பின்னர் எல்இடி பல்பின் விலை மளமளவென்று இறங்கி, குண்டு பல்புக்கும் சிஎஃப்எல்லுக்கும் அலமாரியில் இடம் இல்லாமல் போய்விட்டது.

பழைய பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள மின்பொருள் கடைகளில் "ஆயிரம் வாட் ஹாலஜன்" என்று கேட்டால் முதலில் எடுத்து நீட்டுவது எல்இடி ஃபோகஸ் லைட்டைத்தான். எனக்கு வழிகாட்டியவர் குகையில் மைக்செட் வைத்திருக்கும் ஒரு பெரியவர். கோயில் திருவிழாவுக்கும் கல்யாணப் பந்தலுக்கும் பல ஆண்டுகள் ஹாலஜன் கட்டியவர் என்பதால் அவரிடம் இருப்பு இருந்தது. அதைவிட முக்கியமாக அனுபவம் இருந்தது. "தம்பி, வாட்ஸ சொல்லிக் கேக்காதீங்க, மொதல்ல பழைய டியூப்ப அளந்துட்டு வாங்க" என்றார். அவர் சொன்னது முற்றிலும் சரி. இரு முனையிலும் தொடுமுனை கொண்ட இந்த ஆர்7எஸ் வகை டியூபுகளில் 78, 118, 189 மில்லிமீட்டர் என்று நீளங்கள் உண்டு. பொதுவாக 500 வாட் 118 மில்லிமீட்டரிலும் 1000 வாட் 189 மில்லிமீட்டரிலும் வரும். நீளம் தவறினால் வாட் சரியாக இருந்தும் பயனில்லை.

நீளம் பொருந்திய பிறகுதான் நிறத்தின் கேள்வி எழுகிறது. படப்பிடிப்புக்கென்றே செய்யப்படும் ஹாலஜன் 3200 கெல்வின் நிறவெப்பநிலையில் எரியும் (இந்த எண் குறைந்தால் ஒளி செம்மஞ்சளாகும், கூடினால் நீலமாகும்), ஆயுள் குறைவு. பந்தலுக்கு விற்கப்படும் டியூப் 3000 கெல்வினுக்கு ஒட்டியோ அதற்குச் சற்றுக் கீழோ எரியும். ஆயுள் ஏறக்குறைய 2000 மணி நேரம். முதல் வகை வேண்டுமென்றால் சென்னையில் வடபழனி, சாலிகிராமம் பக்கம் திரைப்பட விளக்கு வாடகைக்கு விடுபவர்கள் மூலமாகத் தேடலாம். நான் இரண்டாம் வகையையே தேர்ந்தெடுத்தேன். விளக்கு 3200-இல் எரிகிறதா 2950-இல் எரிகிறதா என்பதைச் நிறச்சாயல் இல்லாத சாம்பல் அட்டையைப் படம் எடுத்து, வெள்ளை வெள்ளையாகத் தெரியும்படி கேமராவின் வெள்ளைச் சமநிலையை அமைத்தால் கேமரா ஈடுகட்டிவிடும். இரண்டு விளக்குகளுக்கு இடையிலான வேறுபாட்டைத்தான் எந்தக் கேமராவாலும் ஈடுகட்ட முடியாது. எனவே ஒரே நிறுவனத்தின் டியூபுகளை ஒரே பெட்டியிலிருந்து வாங்கினேன். ஒரு பக்கம் மட்டும் எரிந்துபோனாலும் இரு பக்கத்தையும் சேர்த்தே மாற்றுகிறேன். கழற்றிய நல்ல டியூப் மைக்செட்காரரிடமே திரும்பப் போகிறது.

புதிய டியூபை மாட்டுவதற்கு முன்பு ஹோல்டரைக் கழற்றிப் பார்த்தது நல்லதாயிற்று. இரு முனையிலும் பீங்கான் கிண்ணத்துக்குள் ஸ்பிரிங் வைத்த உலோகக் குமிழ் ஒன்று இருக்கும். என் விளக்கில் ஒரு குமிழ் பளபளப்பாக இருந்தது; மற்றொன்றின் நடுவில் கடுகளவு கரும்பள்ளம் விழுந்து, விரலால் அழுத்தினால் ஸ்பிரிங் திரும்பி வராமல் அப்படியே நின்றது. தொடுப்பு தளர்ந்தால் அந்த இடத்தில் பொறி பறந்து சூடேறும். புதிய டியூபின் முனையையும் அது சில நாள்களில் தின்றுவிடும். லேசான கருமையாக இருந்தால் மெல்லிய உப்புத்தாள் போதும். பள்ளம் விழுந்துவிட்டால் ஹோல்டரையே மாற்ற வேண்டும். மாற்றும்போது உள்ளே சாதாரண பிவிசி ஒயரைப் போடக் கூடாது, சூட்டில் உருகிவிடும். சிலிக்கான் ஒயரும் கண்ணாடியிழை ஸ்லீவும் கேட்டு வாங்க வேண்டும். டியூபை வெறுங்கையால் தொடாமல் அட்டை உறையோடு பிடித்து மாட்டினேன். விரலின் எண்ணெய்ப் பசை ஒட்டினால் அந்த இடத்தில் குவார்ட்ஸ் கண்ணாடி சூட்டில் வெளிறி வலுவிழக்கும். தொட நேர்ந்தால் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்து, காய்ந்த பிறகே எரியவிட வேண்டும். நீள டியூபைக் கிடைமட்டமாக வைத்தே எரிக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். விளக்கை ஸ்டாண்டில் பக்கவாட்டில் திருப்பிச் செங்குத்தாக வைத்தால் இழை ஒருபுறம் தொய்ந்துவிடும்.

இதே ஜோடியை ஏற்காட்டில் ஒரு தங்கும் விடுதியின் அறைகளைப் படம் எடுக்கக் கொண்டுபோனபோது, பல்பு புதிதாக இருந்தும் ஒளி மங்கிச் செம்மை தட்டியது. மல்டிமீட்டரை விளக்கின் அருகில் வைத்துப் பார்த்தபோது மின்னழுத்தம் 200 வோல்ட்டுக்கும் கீழே இருந்தது. இழை பல்பில் மின்னழுத்தம் சிறிது இறங்கினாலும் ஒளி பெருமளவு இறங்கும்: 230-இலிருந்து 195 வோல்ட்டுக்கு வந்தால் ஒளி ஏறத்தாழ பாதிக்கு வந்துவிடும், நிறமும் 200 கெல்வின் அளவுக்குச் சிவக்கும். இழப்பின் ஒரு பகுதிக்கு அங்கே கிடைத்த மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரே காரணம். இரண்டு விளக்குகளும் சேர்ந்து எடுப்பது 8.7 ஆம்பியர், 0.75 சதுர மில்லிமீட்டர் ஒயர் 30 மீட்டர் நீண்டால் அதிலேயே 12 வோல்ட் கரைந்துவிடும். 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் இது நான்கு வோல்ட்டுக்கும் குறைவு. இப்போது அந்தத் தடிப்பில் ஒயரும் 16 ஆம்பியர் பிளக்கும் வைத்துச் செய்த சொந்த எக்ஸ்டென்ஷன் பெட்டி வண்டியிலேயே இருக்கிறது.

ஃபிளாஷ் ஹெட்டுகளின் கதை வேறு. ஃபிளாஷ் குழாய் வளையமாக இருக்க, அதன் நடுவில் 250 வாட் மாடலிங் பல்பு இ27 திருகு ஹோல்டரில் நிற்கும். படத்துக்கு ஒளி தருவது ஃபிளாஷ். நிழல் எங்கே விழும் என்று முன்கூட்டிக் காட்டுவது மாடலிங் பல்பு. 1/125 நொடியில் லென்ஸின் துவாரத்தைச் சிறிதாக்கி எடுக்கும்போது மாடலிங் ஒளி படத்தில் ஏறக்குறைய பதிவதே இல்லை. எனவே இங்கே நிறத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. கவலைப்பட வேண்டியவை பல்பின் உருவமும் மின்னழுத்தமும்தான். இணையத்தில் கிடைக்கும் மாடலிங் பல்புகளில் 120 வோல்ட் பல்புகளும் கலந்து வருகின்றன. அமெரிக்க இ26 அடிப்பாகம் நம் இ27 ஹோல்டரில் தடையின்றித் திருகி ஏறிவிடும். சுவிட்சைப் போட்ட கணத்தில் எரிந்துவிடும், வெடிக்கவும் கூடும். பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாமல் பல்பின் கழுத்தில் அச்சிட்டிருப்பதைப் படித்த பிறகே மாட்டுகிறேன்.

கடையில் கிடைக்கும் சாதாரண எல்இடி பல்பு இதற்கு ஒத்துவராது. அதன் கீழ்ப்பாதி ஒளி ஊடுருவாத வெள்ளைக் கூடு. வளையத்தின் நடுவில் அதை நிறுத்தினால் ஃபிளாஷ் ஒளியின் ஒரு பகுதியை மறைத்துவிடும். கஃபே அலங்காரத்துக்கு விற்கும் ஃபிலமென்ட் எல்இடி தெளிந்த கண்ணாடியில் வருகிறது. எல்லாப் பக்கமும் ஒளி பரப்புகிறது, நிழல் மிகக் குறைவு. வெர்னியர் காலிப்பரால் வளையத்தின் உள்விட்டத்தை அளந்து, அதற்குள் இடைவெளியோடு நிற்கும் ஒடுங்கிய குழல் வடிவத்தைத் தேர்ந்தேன். ஹெட்டுக்குள் இருக்கும் டிம்மர் இழை பல்புக்காகச் செய்தது என்பதால், டிம் செய்யக்கூடியது என்று பெட்டியில் குறிப்பிட்ட பல்பையே வாங்க வேண்டும். மற்றவை துடிக்கும், ரீங்கரிக்கும். டிம் செய்யக்கூடியதுகூடக் கடைசிக் கால்பங்கில் சற்றுத் துடித்ததால், மாடலிங்கை எப்போதும் முழு அளவில் வைத்தே வேலை செய்கிறேன். 250 வாட் ஹாலஜனோடு ஒப்பிட்டால் ஒளி வெகு குறைவு. ஜன்னலை மூடிவிட்டால் ஃபோகஸ் செய்யவும் நிழல் பார்க்கவும் தாராளமாகப் போதும். பல்பு மாற்றும்போது பிளக்கைப் பிடுங்கிச் சில நிமிடங்கள் காத்திருந்து கண்ணாடி மூடியை மட்டுமே கழற்ற வேண்டும். பெட்டியைத் திறக்கவே கூடாது. உள்ளிருக்கும் கெப்பாசிட்டர் அணைத்த பிறகும் உயிருக்கு ஆபத்தான மின்னேற்றத்தை வைத்திருக்கும்.

சாஃப்ட்பாக்ஸுக்கு 5500 கெல்வின் சிஎஃப்எல் கிடைக்காததால் நான்கையும் ஒரே தடவையில் எல்இடிக்கு மாற்றினேன். நம் கடைகளில் பெரும்பாலும் பின் வைத்த பி22 பல்புகளே குவிந்திருக்கும். சாஃப்ட்பாக்ஸில் இருப்பது இ27 திருகு ஹோல்டர். இரண்டையும் இணைக்கும் சிறிய அடாப்டர் மலிவாகக் கிடைக்கிறது. எடை குறைந்த எல்இடிக்கு அது போதும். பிளாஸ்டிக் அடாப்டரில் ஹாலஜன் அல்லது குண்டு பல்பை மாட்டக் கூடாது. அடாப்டர் பல்பை முன்னே தள்ளுவதால், பல்பின் நுனி உள்துணியில் முட்டுகிறதா என்றும் பார்க்க வேண்டும். நான் கடைசியில் அடாப்டரைத் தவிர்த்து, நிறக்காட்டுக் குறியீடு (சிஆர்ஐ; பொருளின் நிறத்தை ஒளி எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதன் அளவு, உச்சம் 100) 90-க்கு மேல் குறிப்பிட்ட இ27 பல்புகளையே வரவழைத்தேன். கொலுசைச் சிவப்பு வெல்வெட்டின் மேல் வைத்து எடுக்கச் சொல்வோர் பலர். 80 என்று குறிப்பிட்ட பல்பில் அந்தச் சிவப்பு மண்நிறமாக மங்குகிறது. வாங்கும் முன் கடையிலேயே ஒரு பல்பை எரியவிட்டு, கேமராவில் 1/1000 நொடி வேகத்தில் பல படங்கள் எடுத்தேன். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 முறை துடிக்கும் மலிவு பல்பாக இருந்தால் படத்துக்குப் படம் ஒளி மாறும், குறுக்கே பட்டைகளும் விழும்.

திருகு ஹோல்டரில் இன்னொரு சோதனையும் அவசியம். ஃபேஸ் ஒயர் நடுப்புள்ளிக்கும் நியூட்ரல் சுற்று உலோகத்துக்கும் போக வேண்டும். மாறியிருந்தால், பல்பைத் திருகும்போது விரல் படக்கூடிய உலோகத்தில் மின்சாரம் இருக்கும். டெஸ்டரை வைத்துப் பார்த்ததில் நான்கு ஹோல்டர்களும் சரியாகவே இருந்தன. சுவர் பிளக் பாயிண்டில்தான் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தன, எலக்ட்ரீஷியன் அதே நாளில் திருத்திக் கொடுத்தார்.

ஃபிளாஷ் ஹெட்டுகளோடு வந்த ஒயரின் முனையில் ஐரோப்பிய உருண்டைப் பிளக் இருந்தது. எல்லாப் பிளக்கும் நுழையும் அடாப்டரை இதற்குப் பலரும் வாங்குகிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. ஐரோப்பியப் பிளக்கின் எர்த் பக்கவாட்டுத் தகடுகளில் இருக்கிறது; அந்த அடாப்டரில் அதைத் தொடும் உலோகமே கிடையாது. விளக்கு எரியும், எர்த் மட்டும் இருக்காது. ஹெட்டின் பின்புறம் கணினிக்கு உள்ளது போன்ற கழற்றக்கூடிய சாக்கெட்தான் என்பதால், முத்திரை பெற்ற நம் ஊர் மூன்று பின் கணினிப் பவர் ஒயரை வாங்கிச் செருகினேன். ஹெட்டின் உலோக உடலுக்கும் பிளக்கின் பெரிய பின்னுக்கும் இடையே மல்டிமீட்டர் தொடர்ச்சியைக் காட்டியது; அடாப்டர் எதுவும் தேவைப்படவில்லை.