கோப்பின் நகலையும் கேட்டோம், ஆதார் எண்ணை மறைக்கவும் கேட்டோம்

எங்கள் தெருவில் இருக்கும் பெரியம்மா ஒருவருக்கு 2018-இல் முதியோர் உதவித்தொகை திடீரென்று நின்றுபோனது. அப்போது மாதம் 1,000 ரூபாய். கணவர் காலமாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை. மருந்துச் செலவு முழுக்க அந்தப் பணத்தில்தான் ஓடியது. நிறுத்துவதற்கு முன்பும் கடிதம் வரவில்லை, பின்பும் வரவில்லை. வங்கியில் கேட்டால் வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போகச் சொன்னார்கள். அங்கே போனால் "பட்டியலில் பெயர் இல்லை" என்பதற்கு மேல் யாரும் வாய் திறக்கவில்லை.

அதே அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையில் பழைய பயனாளிகள் பட்டியல் ஒட்டப்பட்டிருந்தது. பெயர், முகவரி, வங்கிக் கணக்கு எண், 12 இலக்கமும் தெரியும்படி ஆதார் எண். பெரியம்மாவின் விவரமும் அதில் இருந்தது. தன் பணம் ஏன் நின்றது என்று அறிய அவருக்கு வழியில்லை. அவருடைய கணக்கு எண்ணையோ வழியே போகிற எவரும் செல்பேசியில் படமெடுத்துக்கொள்ளலாம். இதைப் பார்த்து எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை. கோப்பைத் திறக்க வைப்பதும் அந்தப் பட்டியலை மறைக்க வைப்பதும் ஒரே வேலைதான் என்று அன்று முடிவு செய்தோம்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் பிரிவு 6(1)-இன் கீழ் மனு எழுதினோம். மனுதாரர் பெரியம்மாதான், நான் எழுதிக் கொடுத்தேன், அவர் கையெழுத்திட்டார். தமிழிலேயே எழுதலாம். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை என்று பிரிவு 6(2) தெளிவாகச் சொல்கிறது. "ஏன் நிறுத்தினீர்கள்?" என்று கேள்வியாகக் கேட்காமல், ஆவணங்களின் பெயரைச் சொல்லிக் கேட்டோம்: நிறுத்த உத்தரவின் நகல், கிராம நிர்வாக அலுவலரின் விசாரணை அறிக்கை, குறிப்புக் கோப்பு (அலுவலர்கள் தங்கள் கருத்தை எழுதிய பக்கங்கள்), ஆதார் எண்ணோடு பட்டியலை ஒட்டச் சொன்ன உத்தரவு. விளக்கம் கேட்டால் "விளக்கம் தர இயலாது" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். இருக்கிற ஆவணத்தைக் கேட்டால் அப்படிச் சுலபமாகத் தட்டிக்கழிக்க முடியாது.

எங்கள் ஊராட்சியில் உதவித்தொகை நிறுத்தப்பட்ட எல்லோரின் பெயரையும் காரணத்தையும் கேட்கலாம் என்று எனக்கு ஓர் எண்ணம் இருந்தது. பெரியம்மா அதற்கு ஒப்பவில்லை. "மகன் கைவிட்டான், மருமகள் சோறு போடவில்லை என்றெல்லாம் அந்தத் தாளில் எழுதியிருப்பார்கள். அதை நான் எதற்குப் படிக்க வேண்டும்?" என்றார். அவர் சொன்னதுதான் சரி. காரண வாரியாக எத்தனை பேர் என்ற எண்ணிக்கையை மட்டும் கேட்டோம். தனியுரிமையைப் பற்றி அந்த அலுவலகத்தில் எவரும் இவ்வளவு தெளிவாக யோசித்ததாக எனக்குத் தெரியவில்லை.

30 நாள் கெடு முடியும் தறுவாயில் பதில் வந்தது. பிரிவு 8(1)(ஜே)-இன்படி இவை மூன்றாம் நபரின் தனிப்பட்ட விவரங்கள், தர இயலாது என்று இருந்தது. மனுதாரரின் சொந்தக் கோப்பையே மூன்றாம் நபரின் கோப்பு என்று எழுதியிருந்தார்கள்! மூன்றாம் நபர் என்றால் மனு செய்தவர் அல்லாதவர் என்று பிரிவு 2(என்) வரையறுத்திருக்கிறது. ஆதார் பட்டியல் பற்றிய கேள்விக்குப் பதிலே இல்லை.

பதில் கிடைத்த 30 நாளுக்குள் பிரிவு 19(1)-இன் கீழ் முதல் மேல்முறையீடு செய்யலாம். அதற்கு முன்பாகவே பலர் சோர்ந்து விட்டுவிடுகிறார்கள். என் அனுபவத்தில் பாதி வேலை இந்த இடத்தில்தான் நடக்கிறது. மேல்முறையீட்டில் நீளமாக எழுதவில்லை. மனுதாரர் தன்னுடைய தகவலைத்தான் கேட்கிறார். கோப்பில் வேறு யாருடைய விவரமாவது கலந்திருந்தால் பிரிவு 10-இன்படி அந்தப் பகுதியை மட்டும் மறைத்துவிட்டு மீதியைத் தர வேண்டும். மறுத்தது சரியே என்று நிரூபிக்கும் பொறுப்பு, பிரிவு 19(5)-இன்படி, மனுவுக்குப் பதில் தந்த பொதுத் தகவல் அலுவலருடையது. இவ்வளவுதான். பிரிவு 10-ஐ யாரும் அதிகம் பேசுவதில்லை. திறப்பதா மூடுவதா என்ற சண்டைக்கு, எதை மறைத்து எதைத் தரலாம் என்று பதில் சொல்கிற பிரிவு அது.

விசாரணைக்கு அழைத்தார்கள். மேல்முறையீட்டு அலுவலர் கோப்பை வரவழைத்துப் படித்தார். நேரில் பார்வையிடவும் அனுமதித்தார். பார்வையிடுவதும் குறிப்பெடுப்பதும் சட்டம் தந்த உரிமை, யாரும் செய்யும் சலுகை அல்ல. விசாரணை அறிக்கையைப் பிரித்ததும் விஷயம் விளங்கிவிட்டது. ஆதரவளிக்க மகன் இருக்கிறார் என்று எழுதியிருந்தது. கணவர் பெயர் வேறாக இருந்தது. அதே பெயருள்ள இன்னொரு பெண்ணைப் பற்றிய அறிக்கை பெரியம்மாவின் கோப்பில் சேர்ந்திருந்தது. அந்தப் பெண்ணின் குடும்ப விவரம் இருந்த பத்தியை நாங்கள் நகலெடுக்கவில்லை. முதல் வரியும் கணவர் பெயரும் எங்களுக்குப் போதும். உதவித்தொகை மீண்டும் வந்தது. இடைப்பட்ட மாதங்களின் நிலுவைக்காக வேறு மனுக்கள் எழுத வேண்டியிருந்தது. அதில் ஒரு பகுதிதான் கிடைத்தது.

ஆதார் பட்டியலுக்குத் தனி மனு. திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் கொடுத்தோம். ஆதார் சட்டம், 2016-இன் பிரிவு 29(4) ஆதார் எண்ணைப் பொதுவில் வெளியிடுவதையோ ஒட்டி வைப்பதையோ தடுக்கிறது. தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் கொண்ட அமர்வு புட்டசாமி வழக்கில் 2017 ஆகஸ்ட் 24-இல் தீர்ப்பளித்ததையும் குறிப்பிட்டோம். பட்டியலையே எடுத்துவிடாதீர்கள் என்றும் கேட்டுக்கொண்டோம். யாருக்கு அரசுப் பணம் போகிறது என்று ஊருக்குத் தெரிய வேண்டும். கணக்கு எண்ணும் ஆதார் எண்ணும் ஊருக்குத் தேவையில்லை. புதிய பட்டியலில் பெயரும் திட்டமும் இருந்தன, எண்கள் இல்லை.

பெயர் ஏன் முக்கியம் என்பதற்கு ராஜஸ்தானைப் பார்க்க வேண்டும். 1994-இலிருந்து மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு ஊர்ப் பொது விசாரணைகளில் அரசு வேலைகளின் வருகைப் பதிவேட்டை உரக்கப் படித்தது. பெயர் படித்தால்தான், இவர் அந்த வேலைக்கு வரவே இல்லையே என்று கூட்டத்தில் ஒருவர் எழுந்து சொல்ல முடியும். தகவல் சட்டத்துக்கான போராட்டம் அங்கே வேர்பிடித்தது.

அதனால்தான் 8(1)(ஜே)-இல் செய்த மாற்றம் என்னை வருத்துகிறது. எங்கள் மனுவின் காலத்தில் இருந்த வாசகப்படி, பொதுப் பணியோடு தொடர்பில்லாத அல்லது ஒருவரின் அந்தரங்கத்தில் தேவையின்றித் தலையிடும் விவரங்களைத்தான் மறுக்க முடியும். சட்டமன்றத்துக்கு மறுக்க முடியாததைக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்ற வரியும் கூடவே இருந்தது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 இவற்றை நீக்கி, தனிப்பட்ட தகவல் என்றாலே மறுக்கலாம் என்று சுருக்கிவிட்டது. 2025 நவம்பரில் அது நடைமுறைக்கும் வந்துவிட்டது. பெரியம்மாவின் எண்களைப் பலகையில் ஒட்டியவர்களுக்கு இந்தத் திருத்தத்தால் ஒரு சிரமமும் இல்லை. உத்தரவில் கையெழுத்திட்டவர் யார் என்று கேட்பவருக்குத்தான் சிரமம்.

பிரிவு 8(2) இன்னும் இருக்கிறது. வெளியிடுவதால் வரும் தீங்கைவிடப் பொதுநலன் பெரிது என்றால், விலக்கு அளிக்கப்பட்ட தகவலையும் தரலாம் என்கிறது அது. இப்போது எழுதிக் கொடுக்கும் மனுக்களில், என்ன பொதுநலன் என்பதை முதல் பக்கத்திலேயே ஒரு பத்தியாகச் சேர்க்கிறேன். எந்த விவரங்களை மறைத்துவிட்டுத் தரலாம் என்பதையும் நாங்களே பட்டியலிட்டுக் கொடுக்கிறோம். பழைய வாசகம் திரும்ப வர வேண்டும் என்று கையெழுத்தும் வாங்கிவருகிறோம். முதல் கையெழுத்து பெரியம்மாவுடையது.