போனவர்கள் கையிலும் இருக்கும் கடவுச்சொல்

அலுவலக நெட்வொர்க்குகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. புது இடத்துக்குப் போனால் முதலில் கேட்பது, "வைஃபை பாஸ்வேர்டைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்?" என்றுதான். பெரும்பாலும் ஒரு சிரிப்புதான் பதில். வேலையை விட்டுப் போனவர், ஒருநாள் வேலைக்கு வந்த ஒப்பந்தக்காரர், எல்லோர் போனிலும் அது அப்படியே இருக்கும். மாற்றலாம் என்றால், "பிரிண்டர், கேமரா எல்லாவற்றிலும் மாற்றணுமே" என்பார்கள். அதுவும் நியாயம்தான்.

வைஃபை பெயரை மறைத்து வைத்திருக்கிறோம் என்று பெருமையாகச் சொல்பவர்களும் உண்டு. மறைத்தால், ஊழியரின் லேப்டாப் போகிற இடமெல்லாம் அந்தப் பெயரைக் கூவிக் கேட்டுக்கொண்டிருக்கும். அவ்வளவுதான் பலன்.

டபிள்யூபிஏ2 என்ற வைஃபை பாதுகாப்பு முறையில் உண்மையான ஆபத்து வேறு. கருவி இணையும்போது பரிமாறிக்கொள்ளும் நான்கு செய்திகளைப் பிடித்துவிட்டால் போதும், வீட்டுக்குப் போய் ஆற அமர பாஸ்வேர்டை ஊகித்துப் பார்க்கலாம்; அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. கம்பெனி பெயரோடு வருடத்தைச் சேர்த்து வைத்த பாஸ்வேர்டு அதற்குத் தாங்காது. 2018-இல் அதன் அடுத்த பதிப்பாக வந்த டபிள்யூபிஏ3 இந்த வழியை அடைத்தது. ஆனால் பழைய பார்கோடு ஸ்கேனருக்காக இரண்டையும் ஒரே பாஸ்வேர்டில் கலந்து ஓடவிடுகிறார்கள், பழைய ஓட்டை அப்படியே நிற்கிறது. அந்த ஸ்கேனர்களை வேறு பாஸ்வேர்டோடு தனி விலானில், அதாவது பிரித்துவைத்த நெட்வொர்க்கில் தள்ளி, தேவையான சர்வரை மட்டும் திறந்துவிடுவது என் வழக்கம்.

ஊழியர்களுக்கு ஆளுக்கொரு கணக்கு, பின்னால் அந்தக் கணக்குகளைச் சரிபார்க்க ஒரு ரேடியஸ் சர்வர் என்பதே சரியான ஏற்பாடு. ஆள் போனால் அந்தக் கணக்கை மட்டும் முடக்கலாம். அங்கும் ஒரு சிக்கல். அதே பெயரில் யாராவது போலி அக்சஸ் பாயிண்ட் (வைஃபை சிக்னல் தரும் கருவி) வைத்தால், சர்வரின் அடையாளமாக வரும் சான்றிதழைக் காட்டி "இந்தச் சான்றிதழை நம்பலாமா?" என்று போன் கேட்கும்; அவசரத்தில் இருப்பவர் தட்டிவிட்டுப் போய்விடுவார். கருவிகளில் நம் சர்வரின் சான்றிதழை முன்கூட்டியே பதிந்து, அந்தக் கேள்வியே எழாமல் செய்துவிட வேண்டும்.

ஓரிடத்தில் இவ்வளவும் செய்தபின், சுற்றியிருக்கும் வைஃபை பெயர்களைத் தேடிப் பார்த்ததில் தெரியாத பெயர் ஒன்று வந்தது. சிக்னல் வலுக்கிற திசையில் நடந்தால், மீட்டிங் அறை மேசைக்கு அடியில் ஒரு சின்ன ரௌட்டர், சுவர் போர்ட்டில் செருகியிருந்தது. பாஸ்வேர்டு இல்லாமல் பின் நம்பரால் இணைய உதவும் டபிள்யூபிஎஸ் வசதி வேறு திறந்திருந்தது. அந்த எட்டு இலக்கப் பின் நம்பரை அதிகபட்சம் 11,000 முயற்சிகளில் கண்டுபிடிக்கலாம் என்பது 2011-இலேயே வெளிவந்த சங்கதி. செருகியவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த அறையில் சிக்னல் கிடைக்காதது உண்மை. அங்கே ஓர் அக்சஸ் பாயிண்ட் வேண்டும் என்ற கோரிக்கை மாதக்கணக்காகக் கிடப்பில் கிடந்தது. ரௌட்டரைப் படமெடுத்து அனுப்பினேன். மறுநாளே ஒப்புதல் வந்துவிட்டது.